லண்டன் பென்ஷன்: ஊருக்கே போய்விடுவதா, போய்வருவதா?

லண்டனில் எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால், அது கோயில் மண்டபமானாலும் செத்தவீடானாலும், பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பென்ஷன் வயது வந்ததும் யாழ்ப்பாணத்துக்கே போய்விடுவதா, அல்லது இங்கே வீட்டை வைத்துக்கொண்டு குளிருக்கு மட்டும் ஊருக்குப் போய்வருவதா? நானும் மனைவியும் போய்வருவதென்று முடிவெடுத்தோம். அது எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் ஒரே ஒரு விதியை அறியாமல் பெட்டி கட்டுபவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை எந்த நாட்டிலிருந்தும் எடுக்கலாம். தேசியக் காப்புறுதி, அதாவது வேலை செய்யும்போது அரசுக்குக் கட்டும் காசு, 10 வருடம் இருந்தால் ஒரு பங்கு கிடைக்கும். முழுத்தொகைக்குப் பொதுவாக 35 வருடம் வேண்டும். பணத்தை லண்டன் வங்கிக்கும் எடுக்கலாம், இலங்கையில் உள்ள வங்கிக்கும் எடுக்கலாம். ஊரில் செலவு குறைவு, சொந்தபந்தம் பக்கத்தில், முற்றத்தில் மாமரம். இவற்றில் எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

தீர்மானித்தது ஏப்ரல் மாதம். ஒவ்வொரு ஏப்ரலிலும் இங்கே பென்ஷன் கூடும். சம்பள உயர்வு, விலைவாசி உயர்வு, 2.5 சதவீதம் என்ற மூன்றில் எது பெரிதோ அந்த அளவுக்குக் கூடும். 2023இல் 10.1 சதவீதம், 2024இல் 8.5, 2025இல் 4.1. இலங்கையில் நிரந்தரமாகக் குடியேறியவருக்கு இந்த உயர்வு ஒன்றுமே இல்லை. போன நாளில் எவ்வளவு வாங்கினாரோ, சாகும்வரை அவ்வளவுதான். ‘ஃப்ரீஸ் ஆகிவிடும்’ என்று சொல்வது இதைத்தான்.

2016 ஏப்ரலில் புதிய பென்ஷன் தொடங்கியபோது முழுத்தொகை கிழமைக்கு 155.65 பவுண். 2025 ஏப்ரலில் அது 230.25. முழுப் பென்ஷனோடு 2016இல் ஊருக்குப் போனவர் இன்னும் 155.65தான் எடுக்கிறார். 2025 கணக்கில் கிழமைக்கு 74.60 பவுண் குறைவு, வருடத்துக்கு 3,879. ஒன்பதே வருடத்தில் இவ்வளவு என்றால், 66 வயதில் போய் 86 வரை இருப்பவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் சித்தப்பா 70களில் லண்டன் வந்தவர். 2010 கடைசியில் பருத்தித்துறைக்குத் திரும்பிவிட்டார். அப்போது அடிப்படைப் பென்ஷன் 97.65 பவுண். நாலு கிழமைக்கு ஒருமுறை அவருடைய கணக்கில் 390 பவுண் 60 பென்ஸ் விழுகிறது. இங்கேயே இருந்திருந்தால் அதே நாலு கிழமைக்கு 2025 ஏப்ரல் அளவில் 705.80. வங்கித் தாளில் அதற்குக் கீழேயே அவருடைய வேலைத்தலப் பென்ஷன் இன்னொரு வரியாக வரும். அது வருடாவருடம் கொஞ்சம் ஏறியிருக்கும், ஏனென்றால் இந்த விதி அரச பென்ஷனுக்கு மட்டும்தான். மேல் வரியில் விரலை வைத்து, “தம்பி, இதுவும் நான் அங்கை வேலை செய்து கட்டின காசுதானே” என்று கேட்பார். கட்டிய காசு ஒன்றுதான், கட்டிய சட்டமும் ஒன்றுதான். இருக்கும் நாட்டைப் பார்த்து உயர்வை வெட்டுவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. தென்னாபிரிக்காவில் வாழ்ந்த அனெட் கார்சன் என்ற பென்ஷனர் இதே கேள்வியை, அப்போது பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை கொண்டுபோய் 2005இல் தோற்றார். 2010இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்விலும் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. நீதிமன்ற வழி அத்தோடு அடைபட்டது.

எந்த நாடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், துருக்கி, மொரீசியஸ் போன்ற இடங்களில் உயர்வு உண்டு. இலங்கை, இந்தியா, அவுஸ்திரேலியா, கனடாவில் இல்லை. பாரிசில் மகளோடு போய் இருப்பவருக்கு ஏப்ரலில் கூடும். கனடாவின் ஸ்காபரோவில் மகனோடு இருப்பவருக்குக் கூடாது. ஊரில் சரிவராவிட்டால் கனடாவுக்குப் பிள்ளையிடம் போகலாம் என்று நினைப்பவர்கள் இதையும் மனதில் வைத்திருக்கவேண்டும்.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும்: பவுண் ஏறுகிறது, ரூபாயில் பார்த்தால் கூடத்தானே வருகிறது? 2022இல் இந்தப் பேச்சு உச்சத்தில் இருந்தது. 200 ரூபாய் இருந்த டொலர் சில கிழமைக்குள் 360 ஆனது, பவுணும் கூடவே எகிறியது. ஆனால் அதே வருடம் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம், சாப்பாட்டுச் சாமான் 95 சதவீதத்துக்குக் கிட்ட. கூடி வந்த ரூபாய் அரிசிக்கும் காஸ் சிலிண்டருக்கும் போய்விட்டது. பிறகு ரூபாய் பலப்பட்டு டொலர் 300 வரை இறங்கியது. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதனால் நாணய மாற்றை நம்பி இந்த இழப்பைப் பொருட்படுத்தாமல் விடுவது சரியல்ல.

இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: பென்ஷனை எடுக்காமல் பிற்போட்டால் கூடுதலாக வரும், ஊரில் இருந்துகொண்டே பிற்போடலாம் என்று. இலங்கையில் இருக்கும்போது பிற்போட்டால், அந்தக் கூடுதல் தொகையைக் கணக்கிடுவது பென்ஷன் வயது வந்த நாளின் அல்லது ஊருக்குப் போன நாளின் பழைய தொகையை வைத்துத்தான். ஃப்ரீஸிலிருந்து தப்ப இது வழியல்ல. ஒரு சின்ன ஆறுதல், 60 வயதிலேயே ஊருக்குப் போய்விட்டவருக்குத் தொகை உறைவது போன வருடத்தின் அளவில் அல்ல, பென்ஷன் வயது வரும் வருடத்தின் அளவில்.

இனி, போய்வருபவருக்கு ஏன் இந்த ஃப்ரீஸ் பொருந்தாது? சட்டம் கேட்பது, நீங்கள் வழமையாக வசிக்கும் இடம் எது என்பதை. பிரித்தானியாவில் வழமையாக வசிப்பவர் ஏப்ரல் மாதத்தில் நல்லூர் வீதியில் நின்றாலும் உயர்வு உண்டு. 183 நாள் கணக்கைச் சிலர் இங்கே கொண்டுவந்து குழப்புவார்கள். அது வருமானவரிக்கு உரியது. பென்ஷனில் பார்ப்பது நாள்களை மட்டுமல்ல, வாழ்க்கை எங்கே இருக்கிறது என்பதையும்: வீடு, குடும்பம், டாக்டர், திரும்பி வரும் எண்ணம்.

நாங்கள் மாரி மழை ஓய்ந்தபிறகு, பொங்கலுக்கு முன் போய், பங்குனி வெயில் ஏறும்போது திரும்புகிறோம். அது ஏறக்குறைய 13 கிழமை, வேண்டுமென்றே அப்படி வைத்தது. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான உதவித்தொகை) எடுப்பவர் தற்காலிகமாக வெளிநாடு போனால் 13 கிழமைதான் அது தொடரும். மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் ஜீ.பி. என்ற குடும்ப டாக்டர் தன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம்; மருந்தும் மூன்று மாதத்துக்கு மேல் எழுதித் தருவதில்லை. குளிர்கால எரிபொருள் உதவிக்கு செப்டெம்பரில் ஒரு குறிப்பிட்ட கிழமை இங்கே வசிப்பவராக இருக்கவேண்டும். மார்கழியில் விமானம் ஏறுபவருக்கு அதில் சிக்கல் இல்லை.

பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த பென்ஷனருக்கு அரசு தரும் மேலதிக உதவி) எடுப்பவர்களுக்கு என் யோசனை உதவாது. அதை மறைக்கக்கூடாது. நாலு கிழமைக்குள் திரும்பும் எண்ணத்தோடு போனால்தான் அந்த நாலு கிழமைக்கும் பென்ஷன் கிரெடிட் வரும். வாடகைக்குத் தரும் ஹவுசிங் பெனிஃபிட்டும் பொதுவாக அப்படித்தான். நெருங்கிய உறவினரின் சாவுக்குப் போய், அதற்குள் திரும்ப முடியாத நிலை என்றால் எட்டுக் கிழமை வரை இடம் தருவார்கள். நம் ஆட்கள் இதை முன்கூட்டியே எழுதித் தெரிவிக்கவேண்டும், ஏனென்றால் இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியை நாலு கிழமையைத் தாண்டித்தான் வருகிறது. வைத்தியத்துக்கு என்றால் 26 கிழமை வரை நீளலாம். நிரந்தரமாகப் போனால் பென்ஷன் கிரெடிட் அடியோடு நின்றுவிடும். சிறிய பென்ஷனும் வாடகை வீடும் உள்ளவருக்கு இரண்டு வழியுமே நெருக்கடிதான். அவருக்குக் குறுகிய பயணங்கள்தான் தோது.

ஆஸ்பத்திரி விடயம் சுருக்கமாக. நிரந்தரமாகப் போனவர் லண்டனுக்கு விருந்தாளியாக வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், இங்கத்தைய அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்., செலவின் ஒன்றரை மடங்கு வரை அறவிடலாம். ஊரில் அரச வைத்தியசாலை இலவசம், யாழ். போதனா வைத்தியசாலையில் திறமையான டாக்டர்மாரும் இருக்கிறார்கள். ஆனால் கூட்டத்தைப் பார்த்துப் பலர் தனியாருக்குப் போகிறார்கள், அங்கே காசு கரையும்.

நிரந்தரமாகப் போவதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. லண்டன் வீடு சொந்தமாக இருந்து அதை வாடகைக்கு விட்டால், வாடகை பென்ஷன் இழப்பை எளிதில் மிஞ்சிவிடும். வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரருக்கு, வரித்திணைக்களத்தின் அனுமதி எடுக்காவிட்டால், முகவர் 20 சதவீத வரியைப் பிடித்துத்தான் தருவார், அப்படியும் மிஞ்சும். எங்கள் வீட்டில் மகன் குடும்பமும் இருப்பதால் வாடகை என்ற பேச்சே எழவில்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற கவலையும் இல்லை. தனியாக இருப்பவர்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் பல பத்திரங்கள் பொறுப்பேற்பதில்லை. எங்களுக்கு இன்னும் நடமாட்டம் இருக்கிறது. எண்பது வயதில் பத்து மணிநேர விமானமும் கட்டுநாயக்காவிலிருந்து இரவு வாகனமும் எப்படி இருக்கும் என்று அனுபவித்துச் சொல்ல என்னால் முடியாது. அப்போது ஓரிடத்தில் இருப்பதே மேல் என்று நாங்களும் நினைக்கக்கூடும்.

எல்லாம் யோசித்து, போவதுதான் என்று தீர்மானித்தவர்களுக்கு மூன்று விடயம். புறப்படும் முன் சர்வதேச பென்ஷன் நிலையத்துக்கு அறிவித்துவிடுங்கள். சொல்லாமல் இருந்து உயர்வை வாங்கினால் பிறகு திருப்பிக் கேட்பார்கள். உயிர்வாழ் சான்றிதழ் தபாலில் வரும். சாட்சி முன் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் பென்ஷனை நிறுத்திவைப்பார்கள், எனவே கடிதம் தவறாமல் வந்து சேரும் விலாசத்தையே கொடுங்கள். கடைசியாக, பிள்ளைகளைப் பார்க்க லண்டன் வரும்போது அந்தப் பென்ஷன் நிலையத்துக்கு எழுதுங்கள். இங்கே நிற்கும் கிழமைகளுக்கு அன்றைய முழு அளவில் தருவார்கள், திரும்பிப் போனதும் பழைய தொகைக்கு இறங்கும். ஒரேயடியாகத் திரும்பினால் பென்ஷன் முழு அளவுக்கு வந்துவிடும். ஆனால் பென்ஷன் கிரெடிட் கேட்டால், இங்கே மறுபடி குடியமர்ந்துவிட்டதை முதலில் காட்டவேண்டும். அதற்குச் சில கிழமை, சிலவேளை சில மாதம் பிடிக்கும். அந்த இடைவெளிக்கான செலவுக் காசைக் கையில் வைத்துக்கொண்டே விமானம் ஏறுங்கள்.