வெல்கம் கலெக்‌ஷன், லண்டன்: மருத்துவ மாணவர்கள் தவறவிடக் கூடாத இடம்

உடம்பையும் ஆரோக்கியத்தையும் பற்றிய இந்த மியூசியம் யூஸ்டன் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை விடுமுறை. மருந்துக் கம்பெனி நடத்திச் சம்பாதித்த ஹென்றி வெல்கம் விட்டுப்போன சொத்தில் உருவான அறக்கட்டளை இதை 2007-இல் திறந்தது.

நேராக 'பீயிங் ஹியூமன்' கூடத்துக்குப் போங்கள். மரபணு, மனமும் உடலும், தொற்று, சூழல் சீரழிவு என்று மனித உடம்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றிய கூடம் இது. ஆனால் இங்கே அதிகம் பேசுவது கலைஞர்கள்தான், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. யின்கா ஷோனிபாரே செய்த 'அகதி விண்வெளி வீரர்' சிலையைப் பாருங்கள், ஆப்பிரிக்க அச்சுத் துணியில் விண்வெளி உடை, முதுகில் வலை நிறைய தட்டுமுட்டுச் சாமான்கள், பூமியில் வாழ முடியாமல் கிளம்பிய மனிதர்.

அப்புறம் மேரி பெத் ஹெஃபர்னன் என்ற கலைஞர் செய்த வேலை. லைபீரியாவில் எபோலா பரவியபோது, பாதுகாப்பு உடைக்குள் கண்கூடச் சரியாகத் தெரியாத மருத்துவ ஊழியர்களின் சிரித்த முகத்தைப் படமெடுத்து, ஸ்டிக்கராக அச்சடித்து, அவர்கள் உடையின் நெஞ்சுப் பகுதியிலேயே ஒட்ட வைத்தார், நோயாளிக்குத் தன்னைத் தொடுவது யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. எதிர்கால மருத்துவம் என்றாலே ரோபோவும் ஜீன் எடிட்டிங்கும்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அடுத்த கொள்ளைநோய்க்கு ஒவ்வொரு மருத்துவமனையும் இந்த ஸ்டிக்கரையும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பேன்.

மாற்றுத்திறனாளிகளைக் கலந்து பேசித்தான் கூடத்தை வடிவமைத்தார்கள். பெரிய மியூசியங்களைப் போல நாள் முழுக்கத் தேவையில்லை, அதற்காக அவசரப்படவும் வேண்டாம்.