கியர் சைக்கிள்: பின்சில்லுக்கு வெளியிலா, உள்ளேயா?

கச்சான் காற்று முகத்தில் அடிக்க, கல்லடிப் பாலத்தில் டவுன் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவருக்கு ஒரு கியர் குறைக்க முடிந்தால் பெரிய ஆறுதல். அதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, செயினை ஒரு பல்லுச் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் வெளிக் கியர். 1984இல் ஷிமானோ கம்பனி கொண்டுவந்த முறையில், கைப்பிடியில் ஒரு 'கிளிக்' என்றால் கேபிள் குறித்த ஓர் அளவு மட்டும் நகரும். பாரம் குறைவு, கியர்களும் அதிகம். ஆனால் மிதித்துக்கொண்டே மாற்ற வேண்டும். கேபிள் கொஞ்சம் இளகினாலே செயின் இரண்டு பல்லுச் சக்கரத்துக்கு நடுவில் நின்று கடகடக்கும். எங்கள் கடற்கரை மணலும் உப்புக் காற்றும் சேர்ந்தால் கறள் வேறு.

மற்றது, ஸ்டர்மி ஆர்ச்சர் போன்ற கம்பனிகளின் மூன்று கியர் ஹப். பற்சக்கரங்கள் எல்லாம் பின்சில்லின் நடுவில், மூடிய கூட்டுக்குள். நடுக் கியர் நேரடி ஓட்டம்: பின் பல்லுச் சக்கரம் ஒரு சுற்று என்றால் சில்லும் ஒரு சுற்று. கீழ்க் கியர் அதில் கால்வாசி குறைவு, மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு கூட. நின்ற இடத்திலேயே மாற்றலாம். பாரம்தான் கூட, பஞ்சர் என்றால் சில்லைக் கழற்றுவதும் கொஞ்சம் வேலை.

பதுளை மலை ஏறுகிறவர் வெளிக் கியரையே வாங்கட்டும். மட்டக்களப்புச் சமதரைக்கு மூன்று கியர் தாராளம், என் தெரிவு ஹப்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய ஹப்பில் கேபிள் இளகினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எந்தக் கியரும் பிடிக்காது, பெடல் சும்மா சுற்றி கால் வழுக்கும். அச்சு முனையில் இருக்கும் சின்னச் சங்கிலியின் திருகைக் கொஞ்சம் இறுக்கினால் சரி.