அம்மாவின் போனில் வீட்டு சர்வர்: டெயில்ஸ்கேல் எப்படி இருக்கிறது?

பழைய மினி பிசி ஒன்றில் இம்மிச்சும் (போன் படங்களை நம் வீட்டிலேயே சேர்த்து வைக்க) ஜெல்லிஃபினும் (சினிமா, வீடியோ பார்க்க) நிறுவுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. அதை ஊரில் இருக்கும் அம்மா தன் போனில், எதையும் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல், அதே நேரம் கண்டவனும் வந்து கதவைத் தட்டாதபடி பயன்படுத்த வைப்பதுதான் உண்மையான வேலை. இதற்கு நான் டெயில்ஸ்கேலைத்தான் வைத்திருக்கிறேன், நம் கருவிகளுக்குள் மட்டும் இணையம் வழியாகத் தனிப் பாதை போட்டுத்தரும் விபிஎன் சேவை அது, இப்போதைக்கு வேறு எதற்கும் மாறப்போவதில்லை.

ரவுட்டரில் போர்ட் திறப்பது, அதாவது வெளியிலிருந்து சர்வருக்கு நேராக ஒரு வாசல் வைப்பது, எங்களுக்கு முதலிலேயே அடிபட்டுப்போனது. எங்கள் இணைய நிறுவனம், இங்கே நிறைய நிறுவனங்களைப் போலவே, பல வீடுகளை ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது, வெளியிலிருந்து நேராக உள்ளே வரவே முடியாது. தனி ஐபி வாங்கினாலும் இம்மிச்சின் லாகின் பக்கத்தை உலகத்துக்கே திறந்து வைக்க எனக்கு மனசில்லை, உள்ளே இருப்பது குழந்தைகளின் படங்கள். போர்ட் திறக்காமலே கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வர் வழியாக நம் சர்வரை எட்ட வைக்கும் கிளவுட்ஃபிளேர் டனல் நல்ல மாற்று என்பார்கள். ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் ஒரே முறையில் 100 எம்பிக்கு மேல் அனுப்ப முடியாது, கல்யாண வீடியோ ஒன்றை ஏற்றினாலே நின்றுவிடும். மேலும் குறியாக்கம் அவர்கள் சர்வரில் அவிழ்க்கப்பட்டுத்தான் நம் வீட்டுக்கு வருகிறது.

டெயில்ஸ்கேல், வயர்கார்ட் என்ற திறந்த மூல விபிஎன் முறையின் மேல் கட்டியது. ஒவ்வொரு கருவியின் ரகசியச் சாவியும் அந்தக் கருவியை விட்டு வெளியே போவதில்லை. இரண்டு கருவிகளும் நேராகப் பேசிக்கொள்ளப் பார்க்கும், முடியாவிட்டால் நடுவில் ஒரு ரிலே சர்வர் வழியாகப் போகும், பெங்களூரிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ரிலே வழியாகப் போனால் வேகம் குறையும், படம் பார்க்கும்போது தெரியும், ஆனால் உள்ளே போவது என்ன என்று அந்த ரிலேவால் படிக்க முடியாது. வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர்தான் முகவரி என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. "வீட்டில் இருந்தால் இதை அழுத்து, வெளியே போனால் அதை அழுத்து" என்று அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அக்காவுக்கு வேறு வழியில் கொடுத்தேன். அவளை என் நெட்வொர்க்கிலேயே சேர்க்காமல் அந்த ஒரு மெஷினை மட்டும் ஷேர் செய்தேன். அவளுக்கு அது மட்டும்தான் தெரியும், என் லேப்டாப்பும் பிரிண்டரும் தெரியாது. சொந்த நெட்வொர்க்கில் சேர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் கட்டாயம் பார்க்கணும்: ஆரம்பத்தில் எல்லாக் கருவியும் எல்லாக் கருவியோடும் பேசலாம் என்றுதான் விதி இருக்கும். அதை மாற்றி, குடும்பத்தாருக்கு இம்மிச்சின் 2283, ஜெல்லிஃபினின் 8096 ஆகிய போர்ட்டுகளை மட்டும் விட்டால் போதும். வீட்டில் யார் போனாவது தொலைந்தாலும் சேதம் அந்த இரண்டு வாசலோடு நிற்கும், தொலைந்த போனை நிர்வாகப் பக்கத்திலிருந்து உடனே நீக்கியும் விடலாம்.

சரி, குறைகள். முதலாவது, சாவி காலாவதி. 180 நாள் ஆனால் மறுபடி லாகின் செய்யச் சொல்லும். நமக்கு அது ஒரு நிமிட வேலை, அம்மாவுக்கோ படமெல்லாம் போய்விட்டது என்ற பயம். சர்வருக்கும் பெரியவர்கள் போனுக்கும் முதல் நாளே இதை அணைத்துவிடுங்கள், ஷேர் வாங்கியவர்களுக்கு அவர்கள் கணக்கிலேயே போய் அணைக்க வேண்டும். இரண்டாவது, சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடும். பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, போன் அமைப்பில் விபிஎன் எப்போதும் இயங்கும்படி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் வங்கிச் செயலிகள், விபிஎன் ஓடுகிறது என்று தெரிந்தால் சிலது திறக்கவே திறக்காது. ஆண்ட்ராய்டில் டெயில்ஸ்கேலுக்குள்ளேயே குறிப்பிட்ட செயலிகளை விலக்கி வைக்கும் வசதி இருக்கிறது, அப்பாவின் போனில் அதைத்தான் செய்தேன், பென்ஷன் பார்ப்பதில் இப்போது தொந்தரவில்லை.

பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்காமல் இருக்க டெயில்ஸ்கேல் வழியாக எச்டிடிபிஎஸ் சான்றிதழ் எடுப்பவர்கள் மெஷினுக்கு வீட்டுப் பெயர், குழந்தை பெயர் எதுவும் வைக்காதீர்கள், அந்தப் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கூகுள், ஆப்பிள் போன்ற கணக்கு ஒன்று வைத்துத்தான் உள்ளே வர வேண்டும், கருவிகளை அறிமுகப்படுத்தி வைக்கும் சர்வரும் அந்த நிறுவனத்துடையதுதான். இது உறுத்தினால் ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மூல மாற்று இருக்கிறது, அதை நாமே நடத்தலாம். ஆனால் அது நின்றால் போன் வருவதும் நமக்குத்தான், குடும்பத்துக்காக நான் அந்த வேலையை ஏற்கவில்லை. பணம் இதுவரை கட்டவில்லை, சின்னக் குடும்பத்துக்கு இலவசத் திட்டமே போதும்.

சித்தப்பா, மாமா வீட்டுக்கெல்லாம் விசேஷப் படங்களை ஒருமுறை காட்ட இது சரிப்படாது. ஒரு ஆல்பம் பார்க்க யாரும் செயலி நிறுவ மாட்டார்கள். அதற்கு டெயில்ஸ்கேலிலேயே ஃபனல் என்று ஒன்று உண்டு, லிங்க் இருந்தால் எந்த பிரவுசரிலும் திறக்கும். ஆனால் அது திறந்திருக்கும் வரை இம்மிச்சின் லாகின் பக்கமும் இணையத்தில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் படம் பார்த்து முடித்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.