பாகூர்லேருந்து ஜிப்மர் வரைக்கும்

பிரான்ஸ்லேருந்து ஊருக்கு லீவுல வர்றவங்களுக்கு பாதி நாளு பத்திரம், ஆதார், பேங்க்னு ஓடிடும். எனக்கு இந்த தடவ அதோட புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியும் சேந்துக்கிச்சு. சித்தப்பாவுக்கு சுகர் கண்ணுல எறங்கிடுச்சு. பிரைவேட்ல காட்டலாம் காசு நான் தர்றேன்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல, "மொதல்ல ஜிப்மர்ல பாத்து சொல்லட்டும்"னுட்டாரு. கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் எந்தப் பக்கம் போனாலும் பெருசுங்க இதத்தான் சொல்லும்.

நான் படிக்கிற காலத்துல ஜிப்மர் இருக்குற கோரிமேடுன்னா ஊருக்கு வெளில. இப்ப திண்டிவனம் ரோட்ல கேட்டுக்கு எதுர மெடிக்கல் ஷாப், லாட்ஜ், டிபன் கடைன்னு ஆஸ்பத்திரிய நம்பியே ஒரு ஊரு நிக்குது. உள்ள கேன்சருக்கு தனி, சூப்பர் ஸ்பெஷாலிட்டிக்கு தனி, பொம்பளைங்க கொழந்தைங்களுக்கு தனின்னு பில்டிங்கா இருக்கு. 1823ல பிரெஞ்சுக்காரன் ஆரம்பிச்ச மெடிக்கல் ஸ்கூல்தான் இதுக்கு மூலம், 1956ல தன்வந்திரி மெடிக்கல் காலேஜ், 1964ல ஜிப்மர்னு பேரு. 2008ல பார்லிமென்ட்ல தனிச் சட்டம் போட்டு, பட்டமும் அவங்களே குடுக்கலாம்னு ஆச்சு. 2016லேருந்து காரைக்கால்லயும் எம்பிபிஎஸ் நடக்குது.

காலைல சீக்கிரமே போயி ஓபி சீட்டு போட்டோம். கண்ணு டிபார்ட்மென்ட்ல சொட்டு மருந்து விட்டு ஒக்கார வச்சாங்க, அப்புறம் படிக்கிற டாக்டருங்க ரெண்டு மூணு பேரு மாத்தி மாத்தி லைட் அடிச்சு பாத்தாங்க, கடைசில பெரிய டாக்டர் வந்து அவங்களையே கேள்வி கேட்டுகிட்டே பாத்தாரு. சித்தப்பாவுக்கு ஒரே பெருமை, என்னைய வச்சுத்தான் பாடம் நடத்துறாங்கன்னு!

பாரீஸ்ல கண் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கே மாசக்கணக்குல காத்து கெடக்குறோம், கையில கார்த் வித்தால் (பிரான்ஸ் அரசு மருத்துவ இன்சூரன்ஸ் கார்டு) இருந்தும். இங்க அன்னிக்கே ரெட்டினா வரைக்கும் பாத்து லேசருக்கு தேதி குடுத்துட்டாங்க. ஆனா ஒண்ணு, கூட ஒரு ஆளு இல்லன்னா கஷ்டம், சீட்டு, பிளட் டெஸ்ட், மாத்திரை கவுன்ட்டர்னு யாராச்சும் ஓடணும். பக்கத்துல ஒக்காந்திருந்த அம்மா திட்டக்குடிலேருந்து வந்திருந்தாங்க, மவன் ஒரு நாள் கூலிய விட்டுட்டு கூட வந்திருக்கான். வைத்தியத்துக்கு செலவு பெருசா இல்ல, அந்த கூலிதான் செலவு.

கூட்டம் கொறையட்டும்னுதானோ என்னவோ சுத்தி நெறைய மெடிக்கல் காலேஜ் வந்துடுச்சு. 2010ல புதுச்சேரி கதிர்காமத்துலயும் விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கத்துலயும் ஆரம்பிச்சாங்க, சிதம்பரம் ராஜா முத்தையாவும் இப்ப கவர்மென்ட்டு. எனக்கென்னவோ ஓபில நின்னு பாத்தா கொறஞ்ச மாதிரி தெரியல.

லீவுல வந்து வீட்டு பெருசுங்கள கூட்டிட்டு போறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, இது மத்திய அரசு ஆஸ்பத்திரி, அவங்க லீவு லிஸ்ட் வேற. நம்ம ஊர்ல எல்லாம் தொறந்திருக்கிற அன்னிக்கு அங்க ஓபி இருக்காது. பேப்பர்ல முன்னாடியே போடுவாங்க. சித்தப்பாவோட லேசர் தேதிக்குள்ள நான் பிரான்ஸுக்கு திரும்பிடுவேன், தம்பிதான் லீவு போடணும்.