ரன்னிங் வாட்ச் சைக்கிளுக்குப் போதுமா? தஞ்சைப் பக்கத்து அனுபவம்

ஓடுவதற்கென்று வாங்கிய ஜிபிஎஸ் வாட்சையே சைக்கிளுக்கும் வைத்துக்கொள்ளலாமா, தனியாக ஒரு சைக்கிள் கம்ப்யூட்டர் வேண்டுமா என்று புதிதாக மிதிக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது அவ்வளவாகப் பொருந்தாது. தஞ்சாவூரில் இருந்துகொண்டு காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் இடையிலேயே சுற்றுகிற ஆள் நான். வாட்ச் வாங்கி மூன்று வருடம் இருக்கும். நடுத்தர விலை, பக்கவாட்டில் பொத்தான்கள், தொடுதிரை இல்லை, காற்றழுத்தமானி உண்டு, மேப் இல்லை.

முதல் வேலை, அதை மணிக்கட்டிலிருந்து கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவது. கும்பகோணம் ரோட்டில் பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது கையைத் திருப்பி வேகம் பார்ப்பதெல்லாம் வேண்டாத வேலை. மாட்டுவதற்கென்றே ரப்பர் கட்டை விற்கிறார்கள். பழைய டியூபைத் துண்டு போட்டுக் கம்பியில் சுற்றி அதன்மேல் ஸ்ட்ராப்பைக் கட்டினாலும் நன்றாக நிற்கும். திருக்காட்டுப்பள்ளி டீக்கடையில் ஒரு பெரியவர், “ஏன் தம்பி, கையில கட்டுனா ஓடாதா அது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கையிலிருந்து கழற்றினால் நாடித்துடிப்பு போய்விடுமே என்பார்கள். போகட்டும். பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற அந்த சென்சார், ஓடும்போது ஓரளவு சரியாகச் சொல்கிறது. சைக்கிளில் மணிக்கட்டு மடங்கியிருக்கும், பிடி இறுகியிருக்கும், குண்டும் குழியுமான கரைச் சாலையில் கை அதிர்ந்துகொண்டே இருக்கும். மூச்சு வாங்க மிதிக்கும்போது 95 என்று காட்டும். இறங்கி இளநீர் குடிக்கும்போது 150-க்கு ஏறும். நெஞ்சில் கட்டி நாடித்துடிப்பை அளக்கிற நெஞ்சுப் பட்டை வாங்கியபிறகுதான் எண்களை நம்ப ஆரம்பித்தேன். ஒன்று கவனிக்க வேண்டும்: ஹேண்டில்பாரில் மாட்டும்போது வாட்சின் சொந்த சென்சாரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் கட்டைக்கும் நாடி பார்த்துச் சொல்லும்.

அந்தப் பட்டை இங்கே ஏன் முக்கியம் என்றால், நமக்கு மலை கிடையாது, காற்றுதான் மலை. ஆனி, ஆடியில் தஞ்சையிலிருந்து கல்லணைக்குக் கிளம்பினால் மேல்காற்று முகத்தில் அறையும். எவ்வளவு மிதித்தாலும் பதினெட்டைத் தாண்டாது. திரும்பும்போது அதே சாலையில் சும்மா காலை வைத்திருந்தாலே முப்பது போகும். வெறும் வேகத்தை மட்டும் பார்த்தால் போகும்போது சோம்பேறி, வரும்போது சூரன். கடற்கரைப் பக்கம் மாலையில் இதுவே தலைகீழ். கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறும். பவர் மீட்டர் இருந்தால் உழைப்பை நேராக அளக்கலாம், ஆனால் என் வாட்ச் ரகத்தில் அது இணையாது. இணைந்தாலும் அதன் விலைக்கு இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம். ஆகவே காற்றுக் காலத்தில் வேகம் இருக்கிற திரையை ஒதுக்கிவிட்டு, நாடித்துடிப்பும் கேடன்சும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்பது) மட்டும் பெரிதாகத் தெரிகிற திரையை வைத்துக்கொள்கிறேன். கிராங்கில் மாட்டுகிற கேடன்ஸ் சென்சார் புளூடூத்திலேயே சேர்ந்துகொள்ளும்.

ஏற்றக் கணக்கு விஷயத்துக்கு வருவோம், இதுதான் வேடிக்கை. தஞ்சாவூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் மேலே இருக்கிறது. நாகப்பட்டினம் வரை எண்பது சொச்சம் கிலோமீட்டர் போனாலும் இறங்குவது அவ்வளவுதான். திருவையாற்றுச் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் வரும். நமக்கு ஏற்றம் என்றால் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். காற்றழுத்தமானி இல்லாத வாட்சுகள் ஜிபிஎஸ் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுவதால், சமதரையில் போய்வந்ததற்கே நூறு மீட்டர் ஏறியதாகச் சொல்லும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிற அழுத்தமானி இருந்தால் ஐந்து பாலமும் ஐந்து குட்டி மேடாக வரைபடத்தில் வந்துவிடுகிறது. அதற்கும் ஒரு குணம் உண்டு. நம் ஊர் போன்ற வெப்பப் பகுதிகளில் காற்றழுத்தம் விடியற்காலை நான்கு மணி வாக்கில் குறைந்து, காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போகும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) கூடினால் எட்டு மீட்டர் இறங்கிவிட்டதாக வாட்ச் நினைத்துக்கொள்ளும். ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குத் திரும்பினால், வீடு பதினைந்து மீட்டர் பள்ளத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் நெருங்கும்போது இதற்கு எதிர்மாறு, அதே வீடு மேட்டில் ஏறிவிடும். இந்த எண்ணை நான் பார்ப்பதே இல்லை.

தூரம் சரியாகவே வருகிறது, ஒரு நிபந்தனையோடு: பதிவு முறையை ‘ஒவ்வொரு விநாடியும்’ என்று மாற்ற வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்தும் முறையில் சில விநாடிக்கு ஒரு புள்ளிதான் விழும். 25 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏழு மீட்டர் போகிறோம். குடமுருட்டிக் கரை மாதிரி வளைந்து வளைந்து போகிற சாலையில் வளைவையெல்லாம் வெட்டி நேர்க்கோடு போட்டுவிடும். புளியமரமும் மூங்கிலும் மூடிய இடங்களில் அந்தந்த நேரத்து வேகம் தடுமாறும், மொத்தக் கணக்கு கெடுவதில்லை. அறுவடைக் காலத்தில் சாலையில் பாதிக்கு நெல் காயும். அதை ஒட்டி ஊர்ந்து போகும்போது ஆட்டோ பாஸ் (நின்றால் பதிவைத் தானாக நிறுத்திவைக்கிற வசதி) நின்று நின்று எழும். எரிச்சலாக இருந்தால் அணைத்துவிடலாம்.

வழி காட்டுவதில்தான் இது நிஜமாகவே போதாது. மேப் இல்லாத வாட்சில் வெறும் கோடு ஒன்று தெரியும், அதன்மேல் நாம் ஒரு அம்பு. டெல்டாவில் ஆற்றுக்கு இரண்டு கரையிலும் சாலை இருக்கும். வடகரையில் போகிறோமா தென்கரையில் போகிறோமா என்பது அந்தத் திரையில் தெரிவதற்குள் ஒரு கிலோமீட்டர் போய்விடும். அப்புறம் அடுத்த பாலமோ சட்ரஸோ (மதகு) வரும்வரை அக்கரையைப் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டியதுதான். வெண்ணாறும் வெட்டாறும் பிரிகிற தென்பெரம்பூர் மாதிரி இடங்களில் போனை எடுத்துப் பார்ப்பதே மேல். வயலில் நிற்பவரைக் கேட்பது அதைவிட மேல்.

பேட்டரி புதிதில் ஜிபிஎஸ்ஸோடு இருபது மணி நேரத்துக்குமேல் வந்தது, இப்போது அவ்வளவு இல்லை. பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம். 200 கிலோமீட்டர் பிரெவேக்குக் கால வரம்பு பதிமூன்றரை மணி நேரம்; அதற்குத் தாராளம். 300-க்கு 20 மணி, கொஞ்சம் இழுபறி. 400-க்கு 27 மணி, வழியில் சார்ஜ் போடாமல் முடியாது. சார்ஜ் போடுகிற இடமோ வாட்சின் முதுகில், ரப்பர் கட்டையில் உட்கார்ந்திருக்கிற பக்கம். கழற்றிப் பைக்குள் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். சைக்கிள் கம்ப்யூட்டர்களில் மாட்டியபடியே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

கூட வருகிற அண்ணன் ஒருவர் ஓட்ட முறையிலேயே வைத்துவிட்டு மிதித்துவிட்டார். ஐந்து கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ‘ஓடியதற்கு’ வாட்ச் அவரைப் பாராட்டியது. 2020-இல் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 5,000 மீட்டரில் உலக சாதனை படைத்த நேரமே 12 நிமிடம் 35 விநாடி. அந்தப் பதிவை அழிக்கும்வரை அவருடைய பயிற்சிக் கணக்கு முழுக்கக் கோணலாகவே இருந்தது.

மழையில் பொத்தான் இருக்கிற வாட்ச்தான் நல்லது. தொடுதிரையில் மழைத்துளியே பக்கம் புரட்டும். உச்சிவெயிலில் படிக்க, எப்போதும் மின்னுகிற திரையைவிட வெயிலிலேயே தெளிவாகிற பழைய ரகத் திரை கண்ணுக்குச் சுகம். நெஞ்சுப் பட்டையை ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள், நம் ஊர் வியர்வை உப்பு லேசுப்பட்டதல்ல. அதற்குள் இருக்கும் சிஆர்2032 பேட்டரி எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

ஓட்டமும் சைக்கிளும் இரண்டும் உண்டு என்றால் வாட்சையே வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் முதலில் நெஞ்சுப் பட்டை, பிறகு கேடன்ஸ் சென்சார் வாங்குங்கள். ஓடுவதே இல்லை, சைக்கிள் மட்டும்தான் என்பவர்கள் வாட்ச் பக்கமே போக வேண்டாம். அதே விலைக்கு மேப்போடு கம்ப்யூட்டர் வந்துவிடும். நான் 400-க்குப் பெயர் கொடுக்கிற வருடம் அதை வாங்குவேன்.