மலைச்சரிவுல வீடு கட்ட ஆன்லைன்ல பிளான் வாங்கப் போறவங்க படிங்க, எனக்குப் போனது 4 லட்சத்து 20 ஆயிரம்

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. இன்னைக்கு மத்தியானம்தான் அவங்ககிட்ட இருந்து கடைசி மெயில் வந்துச்சு, அதப் படிச்சதுல இருந்து கை நடுங்குது. நடந்தத முழுசா எழுதிட்டு கடைசில என்னென்ன பாக்கணும்னு விவரமா சொல்றேன். பேரு போடல, வீட்டு பிளான், 3டி மாடல் எல்லாம் ஆன்லைன்லயே போட்டுத் தர்றோம்னு சொல்ற ஒரு தளம், அவ்வளவு போதும்.

எங்களுக்கு சரிவுல ஒரு மனை. நீளவாக்குல 30 மீட்டர், அகலம் 24. மேல ரோடு, அங்க இருந்து கீழ எறங்கிக்கிட்டே போகும். அண்ணனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, நடுவுல அம்மாவும் தங்கச்சியும் இருக்க ஒண்ணு, ஆக மூணு சின்ன வீடு, ஒவ்வொண்ணும் ஒரு மாடிதான், படிக்கட்டு மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரணும்னு ஆசை. அடுக்குமாடி வேண்டாம்னு அண்ணன் உறுதியா சொல்லிட்டார்.

அந்தத் தளத்தோட முகப்புலயே ஒரு படம், செங்குத்தான மலையில கான்கிரீட் வீடுங்க அடுக்கி வச்ச மாதிரி, அதப் பாத்து வாயப் பொளந்தேன், இவங்க கட்டுனதுன்னே நெனச்சேன். ஒரு மாசம் கழிச்சுதான் தெரியுது அது ஜப்பான்ல கோபே பக்கம் டடாவோ ஆண்டோன்னு ஒரு கட்டடக் கலைஞர் 60 டிகிரி சரிவுல கட்டின ரோக்கோ குடியிருப்பு, 1983லயே முடிஞ்சது. கீழ பொடி எழுத்துல 'மாதிரிப் படம்'னு போட்டிருந்தானாம். யாருங்க அதெல்லாம் படிக்கிறா.

நான் விழுந்த எடம் எதுன்னா அந்த வீடியோ கால்தான். டிசைனர்னு ஒரு பையன், நல்லா மரியாதையா பேசுறான். பேச்சுவாக்குல அம்மாவுக்கு முழங்கால் வலின்னு சொல்லியிருந்தேன், அத ஞாபகம் வச்சிருந்து ஸ்க்ரீன்ல மாடலத் திருப்பி, சூரியன நகத்துற ஒரு பட்டன் இருக்கு அத இழுத்து, "பாருங்க சார், காலைல 7 மணிக்கு அம்மா கட்டில் மேல வெயில் விழுது, மேல் வீட்டுல இருந்து அம்மா வாசலுக்கு வெறும் 10 படிதான், நடுவுல உக்கார ஒரு திண்ணையும் வச்சிருக்கேன்"னான். அம்மா என் தோளுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தத் திண்ணையப் பாத்ததும் எனக்கு மனசு எளகிடுச்சு, அப்பவே 3 லட்சத்து 10 ஆயிரத்தையும் ஒரே தவணையா போட்டேன், மூணு தவணையா கட்டலாம்னு அவனே சொன்னான், தள்ளுபடி கெடைக்குதுன்னு நான்தான் மொத்தமா கட்டினேன்.

அண்ணன் அன்னைக்கே கேட்டார், "டேய், நெலத்த வந்து அளக்காம எப்படிடா பிளான் போடுவாங்க?" நான் அத அப்படியே அவன்கிட்ட கேட்டேன். "சேட்டிலைட் டேட்டா இருக்கு சார், சர்வே தனியா தேவையே இல்ல, அந்தக் காசு உங்களுக்கு மிச்சம்"னான். காசு மிச்சம்னதும் நான் அதுக்கு மேல கேக்கல.

பதினெட்டு நாள்ல பிளான் வந்துச்சு. அழகுன்னா அழகு. சமவுயரக் கோடு (ஒரே உயரத்துல இருக்குற எடங்கள இணைச்சு வரையிற கோடு) எல்லாம் தலை சீவி விட்ட மாதிரி ஒரே சீரா, மேல இருந்து கீழ வரைக்கும் மொத்த எறக்கம் 4.5 மீட்டர். மூணு வீட்டுக்கும் நடுவுல தலா 1.5 மீட்டர் மண்தாங்கு சுவர். அத நம்பி ஜேசிபி கூப்பிட்டு முதல் வீட்டுக்கு மண்ண வெட்ட ஆரம்பிச்சோம். வெட்டின மண்ண அப்படியே சரிவுப் பக்கம் தள்ளி தரையச் சமமாக்கு, பாதி வீடு வெட்டின தரையில, பாதி கொட்டின மண்ணு மேலன்னு பிளான்லயே இருக்கு. ரெண்டாவது நாளே ஜேசிபி ஓட்டுறவர் எறங்கி வந்து, "இது நிக்காதுங்க, பிளான்ல போட்டிருக்குறதும் இங்க இருக்குறதும் வேற வேறங்க"ன்னார். அவருக்கு என்ன தெரியும்னு நெனச்சேன், இப்ப வெக்கமா இருக்கு. ஜேசிபி வாடகை, ஆள் கூலி, மண்ணு அள்ளினதுன்னு இன்னொரு 1 லட்சத்து 10 ஆயிரம். ஆக 4 லட்சத்து 20.

அப்புறம் மழை பெஞ்சுச்சு. ராத்திரி ஒரு மழைதான். காலைல போய்ப் பாத்தா கொட்டின மண்ணுல பாதி கீழ வழிஞ்சு போயிருக்கு, வெட்டின எடத்துக்கு நடுவுல ஒரு வாய்க்கால் ஓடுது. மேல இருந்து வர்ற தண்ணி காலங்காலமா அந்த வழியாத்தான் போயிருக்கு. அதுக்கு நேர் மேலதான் என் சமையக்கட்டு வரைஞ்சிருக்கான்.

அதுக்கப்புறம்தான் தெரிஞ்சவங்க மூலமா ஒரு வயசான இன்ஜினியரப் பிடிச்சோம். பெரிய மெஷின் எதுவும் கொண்டு வரல. தண்ணி நெரப்பின கண்ணாடி மாதிரி டியூப், ரெண்டு அளவுக்குச்சி, ஒரு நோட்டு. ரோட்டு ஓரத்துல ஒரு முனைய என்னைப் பிடிக்கச் சொல்லிட்டு அவர் 3 மீட்டர் கீழ போய் நிப்பார், டியூப்ல தண்ணி அசையாம நிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து அளவ எழுதுவார், அப்புறம் அடுத்த 3 மீட்டர். ஒரு எடத்துல 40 சென்டிமீட்டர் எறக்கம், அடுத்த எடத்துல ஒரேயடியா 1.4 மீட்டர், பாறை விளிம்பு. பத்து தடவை எறங்கி முடிச்சு கூட்டிப் பாத்தா 9 மீட்டர். படத்துல இருக்குறதுக்கு அப்படியே ரெண்டு மடங்கு. அரை மணி நேர வேலைங்க அது. அரை மணி நேரம்!

பிளான் ஃபைலத் தொறந்து உள்ள லேயர் பேரப் பாத்துட்டு அவர் சிரிச்சார். எஸ்ஆர்டிஎம்னு இருந்துச்சு. 2000ஆம் வருஷம் பிப்ரவரில எண்டெவர் விண்கலத்துல இருந்து ரேடார் வச்சு உலகத்தோட உயரத்த அளந்த கணக்காம், ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். எங்க மனை நீளமே 30 மீட்டர்! பக்கத்துப் பக்கத்துப் புள்ளிங்க நடுவுல கம்ப்யூட்டரே இழுத்து விட்ட கோடுதான் அந்தச் சீவின தலை. இன்னொண்ணும் சொன்னார், அடர்த்தியா மரம் இருந்தா ரேடார் தரை வரைக்கும் போகாது, இலைங்க மேலயே பட்டுத் திரும்பிடும். எங்க மனையோட கீழ்ப்பக்கம் அப்ப பெரிய பெரிய மரம். மர உச்சியத் தரைன்னு எடுத்ததால கீழ்ப்பக்கம் ஒசந்து காட்டியிருக்கும், அதான் எறக்கம் கொறஞ்சிருக்கும்னார். அசல் சரிவுல தண்ணி போற எடத்துல சமவுயரக் கோடு மேட்டப் பாத்து 'V' மாதிரி மடங்கி வரணுமாம். எங்க படத்துல ஒரு கோடு கூட மடங்கல.

9 மீட்டர்னா என்ன ஆகும்னு வரிசையா சொன்னார், எனக்குத் தலை சுத்திருச்சு. வீட்டுக்கு வீடு 1.5க்குப் பதிலா 3 மீட்டர். அம்மாவுக்கு 10 படி இல்ல, 20 படி. கார் எறங்குற சாய்தளம் வளைஞ்சு வளைஞ்சு 36 மீட்டர், படத்துல அது 1க்கு 8, அதாவது 8 மீட்டர் போனா 1 மீட்டர் எறக்கம், கார் போகும். நிஜத்துல 1க்கு 4, ஈரத்துல ஏத்தவே முடியாது, முட்டுற எடத்துல பம்பர் உரசும். பின்பக்க ஜன்னலுக்கு 2 மீட்டர் தள்ளி 3 மீட்டர் சுவர், கெணத்துக்குள்ள நின்னு சமைக்கிற மாதிரி.

மண்தாங்கு சுவர்தான் பயங்கரம். உயரம் ரெண்டு மடங்கானா மண்ணு தள்ளுற விசை ரெண்டு மடங்கு இல்லீங்க, நாலு மடங்கு. சுவர அடியோட கவுக்கப் பாக்குற பலம் எட்டு மடங்கு. இவன் போட்டிருக்குறது 9 இஞ்ச் செங்கல் சுவர், தண்ணி வடிய ஒரு ஓட்டை கெடையாது, சுவருக்குப் பின்னாடி ஜல்லி கெடையாது. மழையில மண்ணு ஊறி தண்ணி வெளியேற வழி இல்லாம நின்னா அந்தத் தண்ணியே மண்ண விட அதிகமா தள்ளும்னார். மேல் வீட்டு செப்டிக் டேங்க் சுவருக்குப் பின்னால, நடு வீட்டுச் சுவருக்கு நேர் மேல, அதச் சொல்லவே வேண்டாம். அதாவது அம்மா வீட்டுக்கு மேல.

சரி, தளத்துக்காரங்கள கேப்போம்னு போனேன். மொதல்ல டிக்கெட் நம்பர். 48 மணி நேரத்துல சிவில் டீம் பேசும்னாங்க, பேசல. சாட்ல கேட்டா "உங்க அனுபவம் எங்களுக்கு முக்கியம்"னு ஒரு ரோபோ. அந்தப் பையனோட நம்பர் உபயோகத்துல இல்லையாம். பத்து நாள் கழிச்சு ஒரு அம்மா ஃபோன்ல வந்தாங்க, அம்மாவோட திண்ணை, வாய்க்கால், எட்டு மடங்கு எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு கடைசில, "சார், கலர் மாத்தணுமா?"ன்னாங்க. சத்தியமா.

இன்னைக்கு வந்த மெயில் இன்னும் மோசம். டிஜிட்டல் பொருள் டெலிவரி ஆயிடுச்சு, பணம் திரும்பாது, நெலத்துல அளவு சரிபாக்குறது வாடிக்கையாளர் பொறுப்புன்னு நிபந்தனைலயே இருக்குன்னு எழுதிட்டு, கூடவே ஒரு இன்வாய்ஸ் அனுப்பியிருக்கான், 'சரிவு நெலத் திருத்தப் பேக்கேஜ்', 65 ஆயிரம். சரிவு நெலம்னு சொல்லித்தானேடா உங்கிட்டயே வந்தேன்! 4 லட்சத்து 20 போனவன்கிட்ட இன்னும் 65 கேக்குறான்.

விவரமா எழுதுறேன்னேன், இப்ப முடியல, சுருக்கமா சொல்லிடுறேன். நெலத்துல கால் வைக்காதவன்கிட்ட சரிவுக்கு பிளான் வாங்காதீங்க. சர்வே பண்ணின சமவுயரப் படம் கைல வராம ஒரு காசு கட்டாதீங்க, கோடு ஒரே சீரா இருந்தா சந்தேகப்படுங்க. ஒரு மழை நாள்ல போய் தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு நீங்களே நின்னு பாருங்க. கொட்டின மண்ணு மேல அஸ்திவாரம் போடச் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க, பழைய கெட்டித் தரை வரைக்கும் எறங்கணும். தவணையா கட்டலாம்னா தவணையாவே கட்டுங்க, தள்ளுபடிய விடுங்க.

மேக்கால இருட்டிக்கிட்டு வருது. வெட்டி வச்ச எடத்துல இன்னும் பாதி மண்ணு தொங்கிக்கிட்டு நிக்குது, அண்ணன் தார்ப்பாயோட கெளம்பிட்டார், நானும் போறேன். கேள்வி இருந்தா கேளுங்க, ராத்திரி வந்து பதில் போடுறேன்.