கிளி வீடியோவை நம்பி டிவி வாங்காதீங்க

மன்னார்குடியில் ரூ.26,000 கொடுத்து இந்த 43 இஞ்ச் 4கே டிவியை எடுத்தோம். கடைகளில் கிளியும் நீர்வீழ்ச்சியும் ஓட விட்டுத்தான் காட்டுவார்கள். அதில் எந்த டிவியும் அழகாகத் தெரியும். நான் பனிச்சறுக்குப் பந்தயம் போடச் சொன்னேன். "வெறும் வெள்ளையா இருக்கேண்ணே, இதுல என்ன பாப்பீங்க?" என்றார் கடைத் தம்பி. அந்த வெள்ளையைத்தான் பார்க்க வேண்டும். வீரரோடு கேமரா திரும்பும்போது, மட்டமான பேனலில் பனிமேல் அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி திட்டுத் திட்டாக நிழல் நகரும். பக்கத்து மாடலில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. இதில் வலது ஓரத்தில் மட்டும் லேசாக.

நான் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். ஆஸ்திரியாவின் பனிச்சறுக்கு வீரர் ஹெர்மான் மாயரைப் பிடித்துப்போனதே அவரும் கொத்தனார் என்பதால்தான். கோடையில் செங்கல் வேலை, குளிர்காலத்தில் சறுக்கச் சொல்லிக் கொடுப்பது. 15 வயதில், உடம்பு போதாது என்று பயிற்சிப் பள்ளியில் கழித்துவிட்டார்கள். 1996 ஜனவரியில் சொந்த ஊரான ஃபிளாகாவில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தபோது, போட்டிக்கு முன் தடத்தைச் சோதிக்க இறங்கும் ஆளாக அவரை விட்டார்கள். அவர் இறங்கிய நேரத்தைக் கணக்கில் எடுத்திருந்தால் 12ஆவது இடம்! அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள்.

வீட்டில் முதலில் ஓட்டியது 1998 நகானோ ஒலிம்பிக்ஸ் டவுன்ஹில், அதாவது மலைச் சரிவில் முழு வேகத்தில் பாய்ந்து இறங்கும் பந்தயம். பழைய ஒளிபரப்பு என்பதால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அம்மா "முழுசா வைடா" என்று இழுக்கச் சொன்னால் மாயர் குட்டையாகக் குண்டாகிவிடுகிறார், அதனால் பட்டையோடே பார்க்கிறோம். நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வந்தவர் காற்றில் தூக்கி எறியப்பட்டு, தலைகீழாக விழுந்து, வலைத் தடுப்புகளைத் தாண்டி உருள்வார். டிவியில் வாங்கும்போதே போட்டு வைத்திருந்த, அசைவை வழவழப்பாகக் காட்டும் 'மோஷன் ஸ்மூத்' வசதி அந்த இடத்தில் அவர் கால்களைக் கரைத்துவிட்டது. அதை அணைத்த பிறகு ஸ்கீ கழன்று பறப்பதுகூடத் தனியாகத் தெரிந்தது. விழுந்த மூன்றாம் நாள், டவுன்ஹில்லைவிட வளைவு கூடுதலான சூப்பர் ஜி பந்தயத்தில் தங்கம், அடுத்த மூன்றாம் நாள், அதைவிடவும் வளைவு கூடுதலான ஜயன்ட் ஸ்லாலமில் இன்னொரு தங்கம். நம்ம சாரத்திலிருந்து விழுந்தவன் மறுவாரம் வேலைக்கு வந்தால் நானே திருப்பி அனுப்புவேன்.

2001 ஆகஸ்டில் மாயருக்கு மோட்டார் பைக் விபத்து. வலது காலை எடுக்க வேண்டிவருமோ என்ற நிலை. 2003 ஜனவரியில் திரும்பி வந்தவர், அதே மாதம் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் சூப்பர் ஜியை ஜெயித்தார். 2004இல் நான்காவது முறையாக, சீசன் முழுக்க அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தரும் ஒட்டுமொத்த உலகக் கோப்பை. 2009இல் ஓய்வு பெறும்போது கணக்கில் 54 உலகக் கோப்பைப் பந்தய வெற்றி.

டிவிக்கு வருகிறேன். படத்துக்கு நல்ல மார்க். சத்தம் சுமார்தான், சரிவில் ஸ்கீ உரசும் ஒலி தகர டப்பாவில் வருவதுபோல் இருக்கிறது. ரிமோட் பட்டனை ரெண்டு தடவை அழுத்த வேண்டும். குறுவைக்குப் பம்புசெட் ஓடும் நேரத்தில் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் வைக்காதீர்கள். சுவர் ஸ்டாண்டுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், பில் போடும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.